டிஸ்க் வாங்கும் முன் ஃபிரேமைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மவுண்டன் பைக்குகளைப் புதுப்பித்து ஓட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை கியர், டயர், சீட் என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லியிருந்தது. பிரேக்கை மட்டும் ‘டிஸ்க்குக்கு மாறிவிடலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியை நம்பி டிஸ்க் பிரேக் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டைப் பிடிக்கும் பிரேக்) செட் வாங்கிவிட்டு, ஃபிரேமில் அதை மாட்ட இடமே இல்லை என்று பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறைய. 1990-களில் வந்த மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலானவை ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குக்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் நல்ல பிரேக் வேண்டுமானால் வழி வேறு. அது எளிதானதும்கூட. ஆனால் வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

முதலில் சைக்கிளில் இருப்பது எந்த வகை பிரேக் என்று தெரிய வேண்டும். முன் ஃபோர்க்கின் இரு கால்களிலும், பின் சக்கரத்துக்கு மேலே போகும் இரு தண்டுகளிலும் ரிம்முக்குச் சற்றுக் கீழே சிறு இரும்பு முளைகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிரேக் கைகள் சுழல்வது அந்த முளைகளில்தான். இரண்டு கைகளும் இறக்கை விரித்த மாதிரி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு, ஒரு குறுக்குக் கேபிள் இரண்டையும் இணைத்து, அதன் நடுவைப் பிரதான கேபிள் மேலே இழுத்தால் அது கேன்டிலீவர். கைகள் நெட்டாக மேல்நோக்கி நின்று, கேபிள் பக்கவாட்டில் ஒரு வளைந்த உலோகக் குழாய் வழியே நுழைந்து இரு கைகளையும் நேரடியாக ஒன்றை நோக்கி ஒன்று இழுத்தால் அது வி பிரேக். இதைச் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் 1996-ல் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே மவுண்டன் பைக்குகளில் கேன்டிலீவர் அருகிவிட்டது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. 1980-களின் பிற்பகுதியில் வந்த சில சைக்கிள்களில் பின் பிரேக் மட்டும் யூ பிரேக்காக இருக்கும், அதுவும் பெடல் அச்சுக்குப் பின்னால் செயின் தண்டுகளின் அடியில். இதன் முளைகள் ரிம்மைத் தாண்டி டயர் பக்கமாக இருப்பதால் வி பிரேக்கோ கேன்டிலீவரோ அதில் உட்காரவே உட்காராது. அந்த ஃபிரேம் வைத்திருப்பவர்கள் பின்னால் யூ பிரேக்கையே, ரிம்மை அழுத்தும் ரப்பர் கட்டையை மாற்றி, கேபிள் மாற்றி வைத்துக்கொண்டு முன் பிரேக்கை மட்டும் மேம்படுத்துவதே நடைமுறை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது என்பதால் இதில் பெரிய இழப்பு இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: யூ பிரேக்கில் கட்டை தேயத் தேய அது டயரை நோக்கி ஏறும். கவனிக்காமல் விட்டால் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். கேன்டிலீவரிலும் வி பிரேக்கிலும் இதற்கு நேர்மாறாக, கட்டை தேயும்போது ரிம்முக்குக் கீழே இறங்கி ஸ்போக் பக்கம் போகப் பார்க்கும்.

அடுத்து, பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். பழைய சைக்கிளில் பிரேக் மோசமாக இருந்தால் வடிவமைப்பையே குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளிகள் மூன்று: கல்லாய்ப் போன ரப்பர் கட்டை, துருவோ தூசியோ ஏறிய கேபிள், எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ரிம். பத்து வருடம் நின்ற சைக்கிளின் கட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாது. அந்தக் கட்டையோடு எவ்வளவு விலை உயர்ந்த பிரேக்கை மாட்டினாலும் நிற்காது. இந்த மூன்றையும் சரிசெய்தாலே நல்ல கேன்டிலீவர் பிரேக் திருப்தியாக வேலை செய்யும். வேறு எதையும் மாற்றாமல் இத்தோடு நிறுத்திக்கொள்ளக்கூடிய சைக்கிள்கள் நிறைய உண்டு என்பது என் கருத்து.

கேபிள் மாற்றும்போது உள்கம்பி, வெளி உறை இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது இன்னரைப் பழைய அவுட்டருக்குள் நுழைத்தால் பாதி வேலைதான் ஆகும், ஏனென்றால் உராய்வு பெரும்பாலும் அவுட்டருக்குள்தான் இருக்கிறது. பிரேக்குக்கு 5 மி.மீ. அவுட்டர் வாங்குங்கள். அதன் உள்ளே எஃகுப் பட்டை சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் அடுக்கியிருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், பிரேக்கின் இழுவையில் கியர் அவுட்டர் பிதுங்கி வெடித்துவிடும் அபாயம் உண்டு. அது நடப்பது நாம் பலமாகப் பிடிக்கும் நேரத்தில்தான். அவுட்டரைச் சாதாரணக் குறடால் நறுக்கினால் முனை நசுங்கிவிடும். கேபிள் கட்டரால் வெட்டி, முனையை அரத்தால் சமமாக்கி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயின் வாயை ஊசியால் விரித்துவிட்டு, மூடியை மாட்டுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாததால்தான் பல இடங்களில் லீவர் பஞ்சுபோல் அமுங்குகிறது.

ரிம்முக்கு வருவோம். ரிம் பிரேக்கில் ரிம்மும் பிரேக்கின் ஒரு பாகம், அதுவும் தேயும். கட்டை உரசும் பக்கச்சுவரின் மேல் எஃகு அளவுகோல் ஒன்றை வைத்துப் பாருங்கள். நடுவில் பள்ளம் தெரிந்தால், அல்லது தேய்மானம் காட்டும் கோடோ புள்ளியோ மறைந்திருந்தால், அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தத்தைத் தாங்காமல் ஓட்டத்திலேயே பிளந்துகொள்ளும். புது பிரேக் பலமாகப் பிடிக்கும் என்பதால், தேய்ந்த ரிம்மில் அதை மாட்டுவது ஆபத்தைக் கூட்டும். அலுமினிய ரிம்மாக இருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்து, கருத்துப்போன இடங்களை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். குரோம் பூசிய எஃகு ரிம் என்றால் நனைந்தபோது பிரேக் பிடிப்பது மிகவும் குறைந்துவிடும். அதற்கு எந்தக் கட்டையும் முழுத் தீர்வாகாது. அந்தச் சைக்கிளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய பிரேக் மேம்பாடு, அலுமினிய ரிம் உள்ள சக்கரம். ரிம் வளைந்திருந்தால் பிரேக் வேலை தொடங்கும் முன்பே பெண்டு எடுத்துவிடுங்கள். வளைந்த ரிம்முக்கு ஏற்பக் கட்டையைத் தள்ளி வைத்தால் லீவர் பாதித் தூரம் வீணாகப் போகும்.

இதெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால் கேன்டிலீவரை எடுத்துவிட்டு வி பிரேக் போடலாம். முளைகள் அதே முளைகள்தான், எதையும் பற்றவைக்க வேண்டாம். ஆனால் பலர் சறுக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது: பிரேக் கைகளை மாற்றினால் லீவரையும் மாற்ற வேண்டும்.

காரணம் இதுதான். வி பிரேக்கின் கை நீளமானது. அதன் நுனி நிறைய நகர்ந்தால்தான் கட்டை ரிம்மைத் தொடும். அதனால் கேன்டிலீவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிள் இழுபட வேண்டும், அதற்கு ஈடாக இழுக்கும் விசை குறைவாக இருந்தால் போதும். வி பிரேக் லீவரில் கேபிள் முனை உட்காரும் இடம் சுழல் ஆணியிலிருந்து தள்ளி இருக்கும், கேன்டிலீவர் லீவரில் நெருங்கி இருக்கும். பழைய லீவரோடு வி பிரேக்கை மாட்டினால், நின்ற இடத்தில் லேசாகப் பிடித்துப் பார்க்கும்போது அற்புதமாகத் தெரியும். பலமாகப் பிடித்தால் லீவர் ஹேண்டில்பாரில் முட்டிக்கொள்ளும். முட்டாமல் இருக்கக் கட்டையை ரிம்மோடு ஒட்டினாற்போல் வைத்தால் ஒரு மழையிலேயே கட்டை தேய்ந்து, அடுத்த இறக்கத்தில் பிரேக் இருக்காது. நேர்மாறாக, புது லீவரைப் பழைய கேன்டிலீவரோடு சேர்த்தால் லீவர் மரக்கட்டைபோல் விறைப்பாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் சேர்க்கை ஆபத்து என்று நிறையப் பேர் சொல்வார்கள். இரண்டாவதும் அதே அளவு ஆபத்துதான். கைக்கு உறுதியாகத் தெரிவதால் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

லீவர் மாற்றுவதில் ஒரு சிக்கல் வரலாம். 1990-களின் சைக்கிள்கள் பலவற்றில் கியர் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கும். சிலவற்றில் ஷிஃப்டரை ஒரு திருகோடு தனியே கழற்றலாம், சிலவற்றில் முடியாது. முடியாவிட்டால் பிரேக்குக்காக ஷிஃப்டரையும் மாற்ற வேண்டும். அப்போது பின்னால் எத்தனை பல்சக்கரம் என்பதை எண்ணி, 7 என்றால் 7, 8 என்றால் 8 என்று அதற்கேற்ற ஷிஃப்டரை வாங்க வேண்டும். கட்டைவிரலால் தள்ளும் தனி ஷிஃப்டர் இருந்தால் பிரச்சினையே இல்லை. லீவர் பட்டை பிடிக்கும் இடத்தில் ஹேண்டில்பாரின் விட்டம் பொதுவாக 22.2 மி.மீ., ஆகவே அளவு பொருந்துமா என்ற கவலை குறைவு. சில லீவர்களில் கேபிள் உட்காரும் இடத்தை ஒரு திருகால் நகர்த்தலாம். அவை இரண்டு வகைக்கும் ஓரளவு ஒத்துவரும். லீவரையே மாற்றாமல் தப்பிக்கக் கை குட்டையான வி பிரேக் போடலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. குட்டைக் கைகளுக்கு நடுவே 2 அங்குல டயர் நுழைவது கடினம். மவுண்டன் பைக்குக்கு அது சரிவராது.

இனி மாட்டும் முறை. தேவையானவை: முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி பிரேக் கைகள், லீவர் இரண்டு, கேபிள் செட், வளைகுழாய்கள் (கைகளோடு வரும்), 5 மி.மீ. ஆலன் கீ, கேபிள் கட்டர், கிரீஸ், நைசான உப்புத்தாள். எவ்வளவு முறுக்குகிறோம் என்று நியூட்டன் மீட்டரில் காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் நல்லது.

பழைய கைகளைக் கழற்றியதும் முளையைப் பாருங்கள். வெளி விட்டம் 8 மி.மீ., உள்ளே 6 மி.மீ. மரை. துருவை உப்புத்தாளால் எடுத்துவிட்டு மெல்லிய கிரீஸ் பூசுங்கள். யாரோ முன்பு அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் முளையின் வாய் காளான்போல் விரிந்திருக்கும். புதுக் கை அதில் நுழையாது, அல்லது நுழைந்து இறுகிக்கொள்ளும். விரிந்த விளிம்பை மட்டும் நைசான அரத்தால் எடுங்கள், முளை முழுவதையும் ராவக் கூடாது. மரை போயிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சில ஃபிரேம்களில் முளை தனியே திருகிக் கழற்றக்கூடியது, மாற்றிவிடலாம். பற்றவைத்த முளை என்றால் அது வெல்டிங் தெரிந்தவர் வேலை.

முளையின் அடியில் ஸ்பிரிங் ஊசி நுழைய மூன்று துளைகள் இருக்கும். வி பிரேக்குக்கு வழக்கமாக நடுத்துளை. இரண்டு பக்கமும் ஒரே வரிசைத் துளையில் போக வேண்டும். இடது ஸ்பிரிங் நடுவிலும் வலது ஸ்பிரிங் மேலேயும் போனால் எவ்வளவு திருகினாலும் ஒரு பக்கக் கட்டை ரிம்மை உரசிக்கொண்டேதான் இருக்கும். கையின் போல்ட்டை 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கிய பிறகு, ஸ்பிரிங்கை விடுவித்துக் கையை அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஆட வேண்டும்.

கட்டையைப் பொருத்துவது பொறுமை கேட்கும் வேலை. வி பிரேக் கட்டையின் தண்டில் குழியும் குவியுமான வாஷர்கள் வரும், அவற்றில் ஒரு ஜோடி தடிமன், ஒரு ஜோடி மெல்லிசு. எது கைக்கு உள்பக்கம் வர வேண்டும் என்பதை ரிம்மின் அகலமும் முளைகளின் இடைவெளியும் தீர்மானிக்கும். கட்டைகள் ரிம்மைத் தொட்டு நிற்கும்போது, வளைகுழாயின் முனைக்கும் கேபிளை இறுக்கும் போல்ட்டுக்கும் இடையே குறைந்தது 39 மி.மீ. இருக்க வேண்டும் என்பது ஷிமானோவின் அளவு. அதற்குக் குறைந்தால் கட்டை தேய்ந்ததும் குழாயும் போல்ட்டும் முட்டிக்கொள்ளும், கட்டை ரிம்மை அழுத்தாது. குறைவாக வந்தால் தடித்த வாஷரை உள்பக்கம் மாற்றுங்கள். மிகப் பழைய ஃபிரேம்களில் முளைகள் நெருக்கமாக இருந்தால் கைகள் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். அங்கே மெல்லிய வாஷர் உள்ளே.

கட்டையின் மேல்விளிம்பு டயரைத் தொடக் கூடாது, கீழ்விளிம்பு ரிம்மை விட்டு வெளியே தொங்கக் கூடாது. கட்டை தேயத் தேயக் கீழே இறங்கும் என்பதால் தொடக்கத்தில் ரிம்மின் மேல்விளிம்பிலிருந்து ஒரு மி.மீ. விட்டுப் பொருத்துவது சரி. கட்டையில் முன் பக்கத்தைக் காட்டும் அம்பு இருந்தால் சக்கரம் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். உறைக்குள் ரப்பரைச் செருகும் வகையில் இது மிக முக்கியம். திறந்த பக்கம் முன்னால் வந்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் உறையிலிருந்து வழுக்கி வெளியே போய்விடும். கட்டையின் பின் முனைக்கும் ரிம்முக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டை மடித்து வைத்து, லீவரைப் பிடித்தபடி நட்டை 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் முன் முனை அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. முந்தித் தொடும். கிறீச்சிடும் சத்தம் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.

கேபிளைப் போல்ட்டில் இறுக்கும்போது இரு பக்கக் கட்டைகளுக்கும் ரிம்முக்கும் சேர்த்து மொத்தம் 2 மி.மீ. இடைவெளி வையுங்கள். லீவரில் இருக்கும் சரிசெய்யும் திருகை முன்கூட்டியே முழுவதும் உள்ளே விட்டு, இரண்டு சுற்று மட்டும் வெளியே எடுத்து வைத்தால் பிறகு கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கும். கேபிளைக் கட்டியதும் லீவரைப் பத்து முறை முழு பலத்தோடு பிடித்து விடுங்கள். அவுட்டர் முனைகள் எல்லாம் உட்கார்ந்து கேபிள் தளரும், மறுபடி இழுத்துக் கட்டுங்கள். கையின் அடிப்பக்கம் இருக்கும் சிறு திருகை உள்ளே முறுக்கினால் அந்தப் பக்க ஸ்பிரிங் இறுகி, அந்தப் பக்கக் கட்டை ரிம்மை விட்டு விலகும். கால் சுற்று, அரைச் சுற்று என்றுதான் திருப்ப வேண்டும். மிச்சக் கேபிளில் 3 முதல் 5 செ.மீ. விட்டு வெட்டி, முனையில் மூடியை நசுக்கிவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் இழைகள் பிரிந்துகொள்ளும்.

கேன்டிலீவருக்காக ஹெட்செட்டில் (ஃபோர்க் திரும்ப ஃபிரேமின் கழுத்தில் இருக்கும் பேரிங் பகுதி) ஒரு கேபிள் தாங்கி மாட்டியிருப்பார்கள். வி பிரேக்குக்கு அது தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிடுபவர்கள், அந்த இடத்தில் அதே தடிமனுள்ள வாஷரையோ ஸ்பேசரையோ போட மறந்துவிடுகிறார்கள். பிறகு ஹேண்டில்பார் ஆடும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் தட்டும், குறை பிரேக்கில் இருப்பதாகத் தோன்றும். பின்பக்கம் மேல்குழாயில் வரும் அவுட்டர் நிறுத்தம் வி பிரேக்குக்கு ஒத்துவராத இடத்தில் இருந்தால், லீவரிலிருந்து வளைகுழாய் வரை ஒரே நீள அவுட்டராக விட்டு ஃபிரேமில் கட்டிவிடலாம். முன் அவுட்டரின் நீளத்தை ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

மாட்டி முடித்த பிறகு வரும் குறைகளில் அதிகம் கேள்விப்படுவது ‘பஞ்சு மாதிரி இருக்கிறது’ என்பது. சில வி பிரேக்குகளில் முன்பக்க வளைகுழாயோடு சேர்ந்து ஸ்பிரிங் உள்ள ஒரு தடித்த உருளை வரும். முன் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. லீவரின் ஓட்டத்தில் கொஞ்சத்தை அது தின்றுவிடும், ஆகவே அந்த மென்மை பழுது இல்லை. இன்னொரு காரணம் பின் தண்டுகள் வெளிப்பக்கம் விரிவது. பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு லீவரைப் பலமாகப் பிடித்தால் தெரியும். குதிரை லாடம்போன்ற ஒரு தகட்டை இரு முளைகளின் போல்ட்டுகளோடு சேர்த்து மாட்டினால் அது அடங்கும். கிறீச்சொலி நிற்காவிட்டால் கை முளையில் ஆடுகிறதா என்று பாருங்கள். கட்டையை ரிம்முக்கு இணையாக வைத்திருக்கும் இணைப்புகள் உள்ள ஆரம்பகால உயர்ரக வி பிரேக்குகளில் அந்த இணைப்புகள் தேய்ந்து ஆட ஆரம்பித்தால் சத்தம் ஓயாது. அவற்றைவிடச் சாதாரண வகையே மேல். சரசரவென்று உரசும் சத்தம் வந்தால் கட்டையில் அலுமினியத் துகள் பதிந்திருக்கும். ஊசியால் கிளறி எடுத்துவிட்டு முகத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். விட்டுவைத்தால் ரிம் அரிபடும்.

கேன்டிலீவரையே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். குறுக்குக் கேபிளை இழுக்கும் கொக்கி எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு பலம் கிடைக்கும், ஆனால் கட்டை ரிம்மிலிருந்து விலகும் தூரம் குறையும். உயரமாக இருந்தால் லீவர் விறைப்பாக, பலமில்லாமல் இருக்கும். டயரைத் தொடாத அளவுக்குத் தாழ்த்தி வையுங்கள். இரண்டாவது குறிப்பு உயிர் சம்பந்தப்பட்டது. பிரதான கேபிள் அறுந்தால் குறுக்குக் கேபிள் டயரின் மேல் விழும், மவுண்டன் பைக் டயரின் முட்டுகள் அதைப் பிடித்து இழுக்கும், முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க ஃபோர்க்கின் தலையில் பிரதிபலிப்பான் மாட்டும் தகடோ மட்கார்டோ இருக்க வேண்டும். அழகுக்காக அதைக் கழற்றி வைப்பது தவறு. வி பிரேக்கில் டயருக்கு மேல் தொங்கும் அந்தக் குறுக்குக் கேபிள் இல்லை என்பதே அதற்கு மாறப் போதுமான காரணம் என்பேன்.

கட்டுரை சொன்ன டிஸ்க்குக்கு இப்போது வருகிறேன். டிஸ்க் பிரேக்கின் பிடிப்பான் நிற்க ஃபோர்க்கின் இடது கால் அடியிலும் பின் இடது தண்டின் அடியிலும் போல்ட் துளையுள்ள காதுகள் வேண்டும். அந்தக் காதுகளில் இரண்டு வகை உண்டு: துளைகளின் இடைவெளி ஐ.எஸ். வகையில் 51 மி.மீ., போஸ்ட் வகையில் 74 மி.மீ. அந்தக் காதுகள் இல்லாத ஃபிரேமுக்குப் பட்டையால் இறுக்கும் அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. ஃபோர்க்கில் அவற்றை மாட்டவே கூடாது. ரிம் பிரேக்கின் விசை ஃபோர்க்கின் மேற்பகுதியில் விழுகிறது. டிஸ்க்கின் விசை முழுவதும் இடது காலின் அடிப்பகுதியில் விழும், பழைய ஃபோர்க்கின் மெல்லிய அடிக்கால் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. போதாததற்கு, பிடிப்பான் காலுக்குப் பின்னால் இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது அச்சைக் கீழே தள்ளும் விசை பிறக்கும். கீழ்நோக்கித் திறந்த கவ்வில் நிற்கும் அச்சு, சக்கரத்தை இறுக்கும் குயிக் ரிலீஸ் சற்றுத் தளர்ந்திருந்தாலும் வழுக்கிவிடும். டிஸ்க் ஃபோர்க்குகளில் கவ்வின் வாயில் தடுப்பு விளிம்பு வைத்திருப்பதில் இதுவும் ஒரு காரணம்.

டிஸ்க் உள்ள ஃபோர்க்கையே வாங்கிப் போடலாமே என்றால், போடலாம், மூன்று அளவுகள் ஒத்துப்போனால். ஃபிரேமின் கழுத்துக்குள் போகும் ஸ்டீயரர் குழாய் 1 அங்குலமா, 1⅛ அங்குலமா, 1¼ அங்குலமா என்று பார்க்க வேண்டும். இப்போது எளிதில் கிடைப்பது 1⅛. ஃபோர்க்கின் உயரம் பழையதைவிட 20 மி.மீ. கூடினால் தலைக்குழாயின் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி சாயும், திருப்பும்போது சைக்கிள் மந்தமாகும், ஃபிரேமின் கழுத்துக்கும் பளு கூடும். மூன்றாவதாக, டிஸ்க் தட்டை மாட்டக்கூடிய ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) உள்ள முன் சக்கரம் வேண்டும். முன் ஹப்பின் அகலம் பெரும்பாலும் 100 மி.மீ. என்பதால் அதில் சிக்கல் குறைவு. பின்னால் அப்படியில்லை. டிஸ்க் ஹப்புக்கு 135 மி.மீ. வேண்டும். பழைய ஃபிரேம்கள் சில 130 அல்லது 126 மி.மீ. தான் இருக்கும். ஆகவே மாற்றுவதென்றால் முன்னால் மட்டும் டிஸ்க், பின்னால் வி பிரேக் என்ற கலவை அர்த்தமுள்ளது. சக்கரத்தை 27.5 அங்குலத்துக்கு மாற்றினால் மட்டும் இந்தக் கலவை உடையும். ரிம்மின் விட்டம் 559-லிருந்து 584 மி.மீ. ஆகிவிடுவதால், பழைய முளையில் நிற்கும் கட்டை ரிம்முக்கு எட்டாது.

ஃபிரேமில் காது இருந்தும் வி பிரேக் மாட்டி வந்த சைக்கிள்கள் 1990-களின் இறுதியிலிருந்து உண்டு. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி: மவுண்டன் பைக்குக்கான கேபிள் டிஸ்க் பிரேக் வி பிரேக் லீவரிலேயே வேலை செய்யும். ரேஸ் சைக்கிளுக்கான கேபிள் டிஸ்க் குறைந்த இழுவைக்கானது. இரண்டும் ஒரே பெயரில் ஒரே பெட்டியில் வருவதுண்டு, பார்த்து வாங்குங்கள். டிஸ்க் தட்டின் விட்டம் 160 மி.மீ. இருந்தால் பொதுவாகப் போதும். கனமான ஆளும் நீண்ட இறக்கமும் என்றால் முன்னால் 180, ஃபோர்க் அதை அனுமதித்தால். தட்டின் ஆறு திருகுகளையும் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முறுக்க வேண்டும். மாட்டிய உடனே பிரேக் பிடிக்காது. மிதமான வேகத்திலிருந்து நடைவேகம் வரை, சக்கரம் பூட்டாமல், இருபது முறையாவது மெல்ல வேகம் குறைத்தால் கட்டையின் பொருள் தட்டில் படிந்து பிடிப்பு வரும். செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது ஒரு துளி தட்டில் பட்டாலும் கட்டை பாழாகும். கேபிளுக்குப் பதில் திரவத்தின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் மினரல் ஆயில், டாட் என்ற இரண்டு திரவங்களும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. ஷிமானோ, மகுரா நிறுவனங்களின் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். டாட் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஹைட்ராலிக்தான் வேண்டும், ஃபிரேமில் காது இல்லை என்பவர்களுக்கு, பழைய முளைகளிலேயே மாட்டி ரிம்மைப் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. மகுராவின் எச்.எஸ். 33 அந்த வகை.

எந்தப் பிரேக் போட்டாலும் சாலைக்குப் போகும் முன் நின்றபடியே ஒரு சோதனை செய்யுங்கள். லீவரை இரு கைகளாலும் முழு பலத்தோடு பிடித்து, கேபிள் போல்ட்டில் நழுவுகிறதா, அவுட்டர் மூடி எங்காவது பிதுங்குகிறதா என்று பாருங்கள். லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஒரு விரல் தடிமனாவது மிஞ்ச வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். பிறகு ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். கேன்டிலீவருக்குப் பழகிய விரல்கள் நான்கும் வி பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரம் பூட்டி ஆள் தலைகுப்புறப் போவார். இரண்டு விரல் போதும். முதல் வாரம் ஓட்டிய பிறகு கேபிளை ஒரு முறை இழுத்துக் கட்டுங்கள், கட்டை நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். கட்டையின் முகத்தில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் மறைந்ததும் அந்தச் சக்கரத்தின் இரண்டு கட்டைகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் மெக்கானிக் ஒருவர்